இதய ஆபரேஷனுக்குப் பிறகு டிரெயின் பாட்டில்: எவ்வளவு போனது ரத்தம், எவ்வளவு வெறும் நீர்?

இரவுப்பணி_செவிலி கேட்டது:

வணக்கம். பைபாஸ், வால்வு ஆபரேஷன் முடிந்து வருபவர்களுக்கு டிரெயின் (மார்பில் சேரும் ரத்தத்தையும் நீரையும் வெளியே எடுக்கும் குழாய்) சார்ட் எழுதும் முறை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறது. ஒரு மாதிரி சார்ட்டை வைத்தே கேட்டுவிடுகிறேன்.

62 வயது, 58 கிலோ, இதய-நுரையீரல் பம்ப்பில் வைத்து 3 கிராஃப்ட் (மாற்று ரத்தக்குழாய்). இடது மார்புத் தமனி எடுக்கும்போது இடது ப்ளூரா (நுரையீரலைச் சுற்றிய உறை) திறந்திருக்கிறது. மீடியாஸ்டினத்தில் (இரு நுரையீரலுக்கும் நடுவே இதயம் இருக்கும் இடம்) ஒரு குழாய், இடது ப்ளூராவில் ஒரு குழாய். இரண்டும் ஒய் கனெக்டரில் சேர்ந்து ஒரே பாட்டிலுக்குப் போகின்றன. பாட்டிலில் தியேட்டரிலேயே 500 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் ஊற்றியாயிற்று. ஐசியூ வந்த நேரம் 2.40. பாட்டில் வாசிப்பு, தண்ணீரையும் சேர்த்து, மி.லி.யில்:

3.00 மணி – 640
4.00 – 820
5.00 – 930
6.00 – 950
6.20 – முதுகு துடைக்க இடப்பக்கம் திருப்பியது
7.00 – 1180

ஏழு மணிக்கு டாக்டர் போனில் "எவ்வளவு?" என்றால் ஒருவர் 230 என்கிறார், ஒருவர் 680 என்கிறார், இன்னொருவர் பாட்டிலைப் பார்த்து 1180 என்றே சொல்லிவிடுகிறார். சந்தேகங்கள்:

3.00 மணிக்கு வந்த 140-ஐ முதல் மணி நேரக் கணக்காக எடுக்கலாமா? திருப்பியதும் கொட்டிய 230-ஐ ரத்தக்கசிவு என்று எடுப்பதா, முந்தைய மணி நேரங்களுக்கும் பங்கிட்டு எழுதுவதா? கடைசியில் வந்தது தண்ணீர் விட்ட பீட்ரூட் சாறு போல இருக்கிறது, அதையும் ரத்தம் என்றே கூட்டுவதா? எந்த எண் வந்தால் போனை எடுக்க வேண்டும்?

பழைய_இன்சார்ஜ் பதில்:

சிஸ்டர், உங்கள் சார்ட்டில் என் கண் முதலில் போனது 230-க்கு இல்லை, அதற்கு மேலே இருக்கும் 20-க்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

3.00 மணிக் கட்டம் ஒரு மணி நேரம் இல்லை, 20 நிமிடம். 20 நிமிடத்தில் 140 என்றால் மணிக்கு 420 என்ற வேகம். அப்படி நினைத்தால் சர்ஜனை எழுப்ப வேண்டியதுதான். ஆனால் அந்த 140-ல் தியேட்டரில் தையல் போடும்போதே விழுந்தது எவ்வளவு? அது தெரியாமல் இந்தக் கட்டத்துக்கு அர்த்தமே கிடையாது. பாட்டிலின் மேல் நெட்டுக்குத்தாகப் பிளாஸ்டர் ஒட்டி, குறைந்தது மூன்று கோடு நேரத்தோடு போடுங்கள்: தண்ணீர் ஊற்றிய அளவு, தியேட்டரை விட்டுக் கிளம்பிய அளவு, ஐசியூ கட்டிலில் ஏற்றிய அளவு. ஹேண்ட் ஓவர் வாங்கும்போது மருந்து சிரிஞ்சுகளைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கோட்டைப் பாருங்கள்.

பாட்டிலில் அச்சிட்ட கோடுகள் பெரும்பாலும் 50 மி.லி.க்கு ஒன்று. நடுவில் கண்ணால் ஊகிக்கிறோம். ஒவ்வொரு வாசிப்பிலும் 20, 25 முன்னே பின்னே போகும். மணிக்கணக்கு என்பது இரண்டு வாசிப்புகளின் கழித்தல், அதனால் பிழை இரட்டிப்பாகலாம். மொத்தக் கணக்கில் அந்தப் பிழை வளராது. எனவே பாட்டில் வாசிப்பு, அந்த மணி நேர அளவு, மொத்தம் என்று மூன்றையும் எழுதுங்கள். குனிந்து, கண் மட்டத்துக்குப் பாட்டிலைப் பார்த்து, நுரை இருந்தால் நுரைக்குக் கீழே வாசியுங்கள். சாய்ந்து நிற்கும் பாட்டில் பொய் சொல்லும். மூன்று அறை உள்ள யூனிட்டாக இருந்தால், சாய்த்தாலே ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுகிவிடும், அதோடு அதுவரைக்குமான கணக்கு போச்சு.

இப்போது அந்த 20. 180, 110 என்று வந்தது திடீரென்று 20 ஆனால் ரத்தம் நின்றது என்று சந்தோஷப்படும் முன் குழாயைத் தலை முதல் கால் வரை பாருங்கள். கட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் குழாய் தொட்டில் மாதிரி தொங்கினால், அந்தத் தொட்டிலில் ரத்தம் தேங்கும். உள் விட்டம் 9.5 மி.மீ. குழாயில் ஒரு செ.மீ.க்கு சுமார் 0.7 மி.லி. பிடிக்கும். 50 செ.மீ. தேங்கினால் 35 மி.லி. பாட்டிலுக்கு வரவே இல்லை. அது கணக்குப் பிழை மட்டுமல்ல, தேங்கிய திரவம் அடைப்பாகி சக்‌ஷன் மார்புக்குள் போய்ச் சேராது. ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்பு நோயாளி பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் குழாயை மெல்ல உயர்த்தி, தேங்கியதைப் பாட்டிலுக்கு ஓட விட்டு, பிறகு எழுதுங்கள். மிச்ச நீளத்தை மெத்தை மேல் படுக்கையாகச் சுற்றி வைத்தால் தொட்டில் விழாது.

ஒய் கனெக்டர் பற்றி ஒரு குறை. இரண்டு குழாயும் ஒரே பாட்டிலுக்குப் போனால் எது நின்றது என்று தெரியாது. ப்ளூரா குழாய் ஓடிக்கொண்டிருக்கும், மீடியாஸ்டினம் குழாய் க்ளாட்டால் அடைத்துக் கிடக்கும், பாட்டில் மட்டம் ஏறிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கசிவு அதிகம் எதிர்பார்க்கும் கேஸில் இரண்டு பாட்டில் கேளுங்கள்.

இன்னொன்று. ஒற்றைப் பாட்டிலில் குழாய் முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. இருக்க வேண்டும். 100 சதுர செ.மீ. அடிப்பரப்புள்ள பாட்டிலில் 680 மி.லி. சேர்ந்தால் மட்டம் 6.8 செ.மீ. ஏறிவிடும், முனை இப்போது கிட்டத்தட்ட 9 செ.மீ. ஆழத்தில். அவ்வளவு அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியே வர வேண்டும். முனையைச் சற்றே உயர்த்துங்கள் அல்லது பாட்டிலை மாற்றுங்கள். மாற்றினால் பழைய பாட்டிலின் கடைசி வாசிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே எடுத்துப்போக விடுங்கள்.

பம்ப்_மெக்கானிக் பதில்:

நான் பெர்ஃப்யூஷன் பக்கத்திலிருந்து, அதாவது ஆபரேஷனில் இதய-நுரையீரல் பம்ப்பை ஓட்டுபவன். பீட்ரூட் சாறு கேள்விக்கு மட்டும்.

பாட்டிலில் விழுவது முழு ரத்தம் இல்லை. மார்பை மூடும் முன் வெதுவெதுப்பான சலைன் ஊற்றிக் கழுவுகிறார்கள், ப்ளூரா திறந்திருந்தால் அதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு சீரம் கசிவும் சேரும். எனவே மணி ஏற ஏற டிரெயினின் ஹீமாட்டோக்ரிட் (சிவப்பணுக்களின் சதவீதம்) இறங்கும். கணக்கு எளிது:

ரத்தத்துக்குச் சமமான இழப்பு = டிரெயின் அளவு × டிரெயின் ஹீமாட்டோக்ரிட் ÷ நோயாளி ஹீமாட்டோக்ரிட்

உங்கள் 230-ல் டிரெயின் ஹீமாட்டோக்ரிட் 14, நோயாளிக்கு 28 என்று வைத்துக்கொண்டால், போன ரத்தம் 115 மி.லி. தான்.

ஆனால் சாம்பிள் எடுக்கும் இடத்தில் பலர் தப்பு செய்கிறார்கள். பாட்டிலுக்குள்ளிருந்து எடுத்தால் நீங்கள் ஊற்றிய 500 தண்ணீரையும் சேர்த்து அளக்கிறீர்கள். நோயாளிக்கு அருகே, குழாயில் சாம்பிள் போர்ட் இருந்தால் அங்கிருந்து எடுக்க வேண்டும். போர்ட் இல்லாத குழாயைக் கழற்றித் திறக்காதீர்கள், ஒரு எண்ணுக்காகத் தொற்றை உள்ளே விடுவது நியாயமில்லை.

அடுத்தது மெஷின். ரத்த வாயு மெஷின்களில் பல, ஹீமாட்டோக்ரிட்டை மின்கடத்தும் தன்மையை வைத்துக் கணக்கிடுகின்றன. புரதம் குறைந்த திரவம் கூடுதலாகக் கடத்தும், மெஷின் ஹீமாட்டோக்ரிட்டைக் குறைத்துக் காட்டும். சலைன் கலந்த டிரெயினில் இது நேரடியாக ஏமாற்றும். நுண்குழாயில் போட்டு மையவிலக்கில் சுழற்றிப் பார்ப்பது பழைய முறைதான், இந்த வேலைக்கு அதுவே நம்பகமானது. சின்ன க்ளாட் போனாலும் வாயு மெஷினின் பாதை அடைத்துக்கொள்ளும், அதையும் ஞாபகம் வையுங்கள்.

ஹீமோகுளோபினை வைத்து இழப்பைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முதல் சில மணி நேரம் அது உதவாது. பம்ப் ப்ரைமில் (பம்ப்பை முன்கூட்டி நிரப்பும் திரவம்) ஒரு லிட்டருக்கு மேல் உடம்புக்குள் போயிருக்கிறது, சிறுநீரைக் கூட்டும் மானிட்டாலும் உண்டு. மணிக்கு 300 சிறுநீர் போகும்போது ரத்தம் தானாகக் கெட்டியாகும். ரத்தம் கசிந்துகொண்டே ஹீமோகுளோபின் ஏறுவதும் நடக்கும். இடையில் பம்பில் மிச்சமான ரத்தத்தையோ செல் சேவர் (சிந்திய ரத்தத்தைக் கழுவித் திருப்பித் தரும் மெஷின்) பையையோ ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மயக்கம்_தெளிந்தவர் பதில்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் முதல் ஆறு மணி நேரத்தில் அதைக் கையில் எடுக்காதீர்கள். "230 இல்லை சார், நிஜத்தில் 115 தான்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் நேரம் அது இல்லை. கசிவு தொடர்கிறதா என்று முடிவெடுக்கும் வரை பாட்டிலில் விழுந்த ஒவ்வொரு மில்லியும் ரத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹீமாட்டோக்ரிட் கணக்கு மறுநாள் குழாய் எடுப்பதா, ரத்தம் ஏற்றுவதா என்று யோசிக்கும்போது பயன்படும்.

திரும்பத் திறந்து பார்ப்பதற்கான எண்கள், இதய சர்ஜன் கிர்க்லின் காலத்திலிருந்து கைமாறி வருபவை: ஒரு மணி நேரத்தில் 500, தொடர்ந்து 2 மணி நேரம் மணிக்கு 400, தொடர்ந்து 3 மணி நேரம் மணிக்கு 300, அல்லது மொத்தம் 4 மணி நேரத்தில் 1000, 5 மணி நேரத்தில் 1200. இவை எல்லாம் "இதைத் தாண்டியும் உட்கார்ந்திருக்காதே" என்ற எல்லைகள். போன் பண்ணுவதற்கான எண்கள் அல்ல. 58 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு 70 வைத்தால் மொத்த ரத்தமே 4060 மி.லி., அதில் 500 போனால் எட்டில் ஒரு பங்கு. மணிக்கு 200 என்றதுமே போன் வந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் 150-க்குக் குறையாமல் ஓடினாலும் அப்படியே. கூடவே மூன்று விஷயம் சொல்லுங்கள்: நிறம், கட்டி உண்டா, பிரஷரும் சிவிபியும் (மத்திய சிரை அழுத்தம்) எந்தப் பக்கம் போகின்றன.

2014-ல் வந்த பொது வரையறை ஒன்று, மார்பை மூடியதிலிருந்து 12 மணி நேர டிரெயினை வைத்தும் தரம் பிரிக்கிறது: 600-க்குக் கீழ் பொருட்படுத்த வேண்டாதது, 800 வரை லேசானது, 1000 வரை நடுத்தரம், 2000 வரை கடுமை, அதற்கு மேல் பெருங்கசிவு. ஏற்றிய ரத்தப் பொருட்கள், திரும்பத் திறந்தது எல்லாம் சேர்த்து எது மோசமோ அதுவே தரம். கடிகாரம் மார்பை மூடியதும் ஓட ஆரம்பிக்கிறது என்பதைக் கவனியுங்கள், ஐசியூ வந்த நேரம் இல்லை. இன்சார்ஜ் சொன்ன தியேட்டர் கோடு இல்லாவிட்டால் இந்தத் தரமும் தப்பாகும்.

எண் ஏறும்போது டாக்டர் வருவதற்குள் கையில் இருக்க வேண்டியவை: ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்), உடல் வெப்பம், அயனி கால்சியம், பிஹெச், பிளேட்லெட், ஃபைப்ரினோஜென் (உறைதலுக்கான புரதம்), இருந்தால் டிஇஜி (உறைதலை வரைபடமாகக் காட்டும் டெஸ்ட்). வெப்பம் 36-க்குக் கீழ் என்றால் பிளாஸ்மா ஊற்றியும் பலன் குறைவு, முதலில் வார்ம் ஏர் போர்வை. ரத்தம் நாலு யூனிட் ஏற்றியிருந்தால் பையில் உறையாமல் இருக்கச் சேர்த்த சிட்ரேட் கால்சியத்தை இழுத்திருக்கும். ஏசிடி மறுபடி ஏறியிருந்தால் பம்ப்புக்காகக் கொடுத்த உறைதடுப்பு மருந்தான ஹெப்பாரின் திரும்புகிறது, அதை முறிக்க 25 முதல் 50 மி.கி. புரோட்டமின் மெதுவாக. அளவு மீறினால் புரோட்டமினே உறைதலைக் கெடுக்கும், எனவே "இன்னும் கொஞ்சம்" என்று கண்மூடித்தனமாகப் போடுவதல்ல. உறைதல் எல்லாம் சரியாக இருந்தும் ஓடுகிறது என்றால் அது தையல் இடம், மருந்தால் நிற்காது.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, நன்றாக ஓடிய டிரெயின் நின்றுபோய், சிவிபி ஏறி, பிரஷர் இறங்கி, சிறுநீர் சுருங்குவது. பாட்டில் சுத்தமாக இருக்கும், இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கும். ஏட்ரியத்துக்கு (இதய மேலறை) பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு க்ளாட் போதும். எக்கோவில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, மார்பு வழி எக்கோவில் பின்பக்கம் சரியாகத் தெரியாது, உணவுக்குழாய் வழி எக்கோ கேட்க வேண்டும்.

இரவுப்பணி_செவிலி:

நன்றி. பாட்டில் பிளாஸ்டரைப் பார்த்தால் சார்ட்டில் ஏறாத இரண்டு கோடு இருக்கிறது: 2.25 தியேட்டர் கிளம்பியது – 580. 6.25 – 1120.

இன்னும் இரண்டு கேள்வி. குழாய் அடைக்காமல் இருக்க ஸ்ட்ரிப்பிங் பண்ணலாமா? குழந்தைகள் வார்டிலும் இதே எண்கள்தானா?

குட்டி_இதயம் பதில்:

குழந்தைகளுக்கு மி.லி. என்ற பேச்சே கிடையாது, கிலோவுக்கு எவ்வளவு என்பதே பேச்சு. ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10, அல்லது தொடர்ந்து 3 மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு 5 தாண்டினால் சர்ஜன் வர வேண்டும் என்பது பரவலாக உள்ள வரம்பு. 4 கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தம் கிலோவுக்கு 85 வைத்தால் 340 மி.லி. அதில் 40 மி.லி. என்பது உங்கள் பெரியவருக்கு 480 போனதற்குச் சமம். பெரியவர் பாட்டிலில் 40 ஒரு கோட்டைக்கூடத் தாண்டாது.

அதனால் சின்ன அறையும் ஒரு மி.லி. கோடும் உள்ள யூனிட் வேண்டும், குழாயும் குட்டையாக வேண்டும். குழாய்க்குள் நிற்கும் 15, 20 மி.லி. இங்கே பெரிய தொகை. முதல் நாலு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு. டிரஸ்ஸிங் நனைந்தால் எடை போடுங்கள்: நனைந்த எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்தால் கிராமுக்கு ஒரு மி.லி. ரத்தத்தின் அடர்த்தி 1.05 என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், பரவாயில்லை. காய்ந்த பேடின் எடையை முன்கூட்டியே எழுதி ஒட்டி வைத்திருந்தால்தான் இது நடக்கும். டெஸ்டுக்கு எடுக்கும் ரத்தத்தையும் இழப்புக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரு முறைக்கு 2 மி.லி., நாளைக்குப் பத்து முறை என்றால் 20.

பழைய_இன்சார்ஜ் பதில்:

அந்த இரண்டு கோடும் கதையை மாற்றுகிறது பாருங்கள். 2.25 முதல் 3.00 வரை 35 நிமிடத்தில் 60 மி.லி., அதாவது மணிக்கு சுமார் 100. முதலில் பயமுறுத்திய 420 காணாமல் போயிற்று. மிச்ச 80 தியேட்டருடையது, அதைத் தனியாக எழுதி மொத்தத்தில் சேருங்கள்.

6.20-க்குத் திருப்பியதும் 5 நிமிடத்தில் 170. பிறகு 7.00 வரை 60, மறுபடியும் மணிக்கு 100. ஆக 5 முதல் 6 வரையான 20 பொய், ரத்தம் நிற்கவில்லை. ப்ளூராவில் தேங்கி, திருப்பும்போது கொட்டியிருக்கிறது. பங்கிட்டு எழுதாதீர்கள், கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதுவது அது. இப்படி எழுதுங்கள்:

"6.00–7.00: 230. இதில் 6.20 இடப்பக்கம் திருப்பியதும் 5 நிமிடத்தில் 170, கருஞ்சிவப்பு, கட்டி இல்லை. 6.25–7.00: 60, வெளிர் சிவப்பு. தியேட்டரிலிருந்து மொத்தம் 680."

டாக்டர் போனில் கேட்டால் இதையே படியுங்கள். திருப்பிய ஐந்தாவது நிமிடம் ஒரு கோடு, அது மட்டும் எப்போதும் விடக்கூடாது. கொட்டியதைப் புதுக்கசிவா என்று பார்க்கக் குழாயைக் கையால் தொடுங்கள்: புதியது வெதுவெதுப்பாக இருக்கும். பெரிகார்டியத்தில் கிடந்த பழைய ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் தீர்ந்துபோயிருக்கும், அதனால் உறையாது. குழாய்க்குள் புதிதாகப் பளபளவென்று கட்டி வந்தால் வேகமாகக் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப்பிங் வேண்டாம். விரலால் அழுத்திக் குழாய் நீளத்துக்கும் இழுத்தால் உள்ளே −400 செ.மீ. நீரழுத்தம் வரை போகும். நாம் வைக்கும் சக்‌ஷன் −20. அந்த இழுப்பில் கிராஃப்ட்டும் நுரையீரல் திசுவும் மாட்டலாம். 2019-ல் வந்த இதய ஆபரேஷன் மீட்சிப் பரிந்துரைகளும் வேண்டாம் என்றே சொல்கின்றன. க்ளாட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் மெல்லப் பிசைந்து நகர்த்துங்கள், குழாயைக் கழற்றி உள்ளே சக்‌ஷன் கேத்தீட்டர் விடாதீர்கள்.

அடைப்பைப் பார்க்க சக்‌ஷனை ஒரு நிமிடம் நிறுத்தி, தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். சக்‌ஷன் ஓடும்போது அது தெரியாது. ப்ளூரா குழாய்க்குத்தான் அந்த ஆட்டம் இருக்கும், மீடியாஸ்டினம் குழாயில் ஆடவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் உங்களுக்கு இருப்பது ஒய் கனெக்டர். பார்க்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு குழாயை விரலால் மடக்கிப் பிடித்து, அடுத்ததைப் பாருங்கள். க்ளாம்ப் போட்டு மறந்துவிட்டுப் போகிற வேலை மட்டும் வேண்டாம்.